காய்ச்சலை ஒளித்தவள்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருகிற காய்ச்சலில் பாதி, கணக்குப் பரீட்சையால் வருவது. நர்ஸம்மாவுக்கு இது அத்துப்படி. வெந்நீரைக் குடித்துவிட்டு வந்து தெர்மாமீட்டருக்கு வாயைத் திறக்கிறவன், வெயிலில் நெற்றியைக் காட்டிவிட்டு ஓடிவந்து நிற்கிறவள், வராத இருமலை வரவழைத்துக் கண்ணில் நீர் விடுகிறவன் என்று எல்லாரையும் அவள் பார்த்தாயிற்று. "போய்ப் பரீட்சையை எழுதிட்டு வாடா. அப்பவும் காய்ச்சல் இருந்தா நானே உன்னைத் தூக்கிட்டுப் போறேன்" என்பாள். அவனும் அசடு வழிந்துகொண்டே போவான். நர்ஸம்மாவிடம் யார் பருப்பும் வேகாது என்று பிள்ளைகள் மத்தியில் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமைதான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

அவளுடைய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்த இடம். மழை நாளில் இன்றைக்கும் பழைய பந்து நாற்றம் வரும். இரண்டு இரும்புக் கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை, எடை பார்க்கும் கருவி, சுவரில் உயரம் அளக்கும் கோடுகள், பல் துலக்கச் சொல்லிச் சிரிக்கும் ஒரு படம். மேசைமேல் டெலிபோன். மணி அடித்தால் தலைக்கு மேலே பள்ளிக்கூடம் மொத்தமும் தடதடவென்று இறங்கும். அந்தச் சத்தத்திலும் தூங்கக்கூடிய பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

சுண்டெலி தூங்கினாள். சுண்டெலி என்பது நர்ஸம்மா வைத்த பட்டப்பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, அதனால் அப்படி. வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்தவள். பத்து வயது இருக்கும். ஊரில் அம்மா அப்பா, இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். வாரத்தில் பாதி நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். கட்டிலில் தலை சாய்த்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள்.

"ராத்திரியெல்லாம் டிவி பாக்குறியாடி?"

"ஆமா, நர்ஸம்மா."

"என்ன பாப்ப?"

சுண்டெலி யோசித்தாள். "டிவிதான்" என்றாள்.

நர்ஸம்மா சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து விட்டாள். அந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டாம். விடிய விடிய டிவி பார்க்கிற பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டுவிட்டால் வாயை மூட வைக்க முடியாது. இது தெரியாதவளா அவள்?

இன்னொரு நாள் அந்தப் பிள்ளையின் விரல்களைப் பார்த்தாள். நுனிகளில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. சித்தி வீட்டில் அட்டைப்பெட்டி ஒட்டுவார்கள், நானும் கூட ஒட்டுவேன் என்றாள் சுண்டெலி. நர்ஸம்மா மருந்து தடவினாள். தடவி முடித்ததும் அந்தப் பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள்.

"இந்த மருந்து நாலு வயசுப் பாப்பாவுக்குப் போடலாமா?"

"யாருடி பாப்பா?"

"என் தங்கச்சி. கூடதான் இருக்கா."

"போடலாமே" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கொஞ்சம் வழித்துக் கொடுத்தாள் நர்ஸம்மா. நாலு வயதுக் குழந்தையின் விரலில் ஏன் தோல் உரிகிறது என்று மனதில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. அதற்குள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஒருவன் அலறியபடி வந்தான். கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளை கடத்தல் பற்றி அவளுக்குப் பயிற்சி கொடுக்காமல் இல்லை. நகரத்துப் பள்ளி நர்சுகளையெல்லாம் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கப் படம் போட்டுக் காட்டினார்கள். சங்கிலியில் கட்டிய குழந்தை, இருட்டு அறை, மீசைக்காரன் ஒருவன். நடுவில் டீயும் பிஸ்கட்டும் வந்தது. சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு நம்பரும் தந்தார்கள். அவள் அக்கறையாகத்தான் கேட்டாள். ஆனால் படத்தில் இருந்த குழந்தைகளில் ஒருத்திகூடச் சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு, வீட்டுப்பாடம் முடித்து வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகவே ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் கெட்டிக்காரர்களும் உண்டு என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அந்த அறைக்கு ஒரு விதி இருந்தது. காய்ச்சல் நூற்றைத் தாண்டினால் உடனே வீட்டுக்குப் போன். பெரியவர் யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். உடம்பு சரியில்லாத பிள்ளை தனியாக வாசலைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு என்றால் அது வீடாகத்தான் இருக்கும் என்று நம்பி யாரோ எழுதியது.

அன்றைக்குச் சுண்டெலி தானாக வரவில்லை. உடம்பு கொதிக்கிறது என்று டீச்சர் அனுப்பி வைத்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருக்க வாசலில் வந்து நின்றாள். நர்ஸம்மா தெர்மாமீட்டரை எடுத்துத் திரும்புவதற்குள் கன்னம் வற்றிவிட்டது. மடக்கென்று எதையோ விழுங்கிய சத்தம் கேட்டது. வாயில் வைத்துப் பார்த்தால் காய்ச்சலே இல்லை. கழுத்தில் கை வைத்தால் அடுப்பு மாதிரி சுட்டது.

நர்ஸம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நடையில் இருக்கிற குளிர்தண்ணீர்க் குழாய்! தண்ணீரை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் கள்ளி. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வித்தையை யாரும் செய்து காட்டியதில்லை. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அடி சுண்டெலி! என்கிட்டயே உன் வேலையைக் காட்டுறியா? கையைத் தூக்கு."

அக்குளில் வைத்தாள். பாதரசம் நூற்றைத் தாண்டி விறுவிறுவென்று ஏறியது.

"பாத்தியா? நர்ஸம்மாவை ஏமாத்த முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே, அதே சிரிப்போடு, டெலிபோனை எடுத்தாள். கை பழக்கம். கண் நம்பரைத் தேடியது, விரல் சுழற்றியது, வாய் பேசியது. எதிர்முனையில் சித்தியின் குரல் தேனாக வந்தது. "ஐயோ, காலையில நல்லாத்தானே போனா! இதோ வந்துட்டேன் மேடம். பிள்ளையைப் பத்திரமா பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கட்டிலில் பிள்ளை இல்லை. திரைக்குப் பின்னால், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பல் கிட்டித்து, உடம்பு வெடவெடவென்று ஆடியது.

அப்போதுதான் நர்ஸம்மாவுக்கு உறைத்தது. வீட்டுக்குப் போவதற்காகக் காய்ச்சலை வரவழைக்கும் பிள்ளைகளைத்தான் காலமெல்லாம் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போகக் கூடாது என்று காய்ச்சலை ஒளித்த பிள்ளை இவள் ஒருத்திதான். தந்திரத்தைக் கண்டுபிடித்தவள், அது எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் போனை எடுத்துவிட்டாள்.

தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணு, என்னடா? என்கிட்ட சொல்லு."

"வராங்களா?"

"வராங்க."

"காய்ச்சல்னு சொல்லிட்டீங்களா?"

நர்ஸம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதன் பிறகு சுண்டெலி பேசினாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினாள். அது சித்தி இல்லை. படிக்க வைக்கிறோம் என்று ஊரிலிருந்து கூட்டி வந்தவர்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து ஒட்ட வேண்டும், பள்ளிக்கூடம் விட்டதும் ஒட்ட வேண்டும். பாப்பாவின் விரல் சின்னது, அதனால் மூலை மடிக்கிற வேலை பாப்பாவுக்கு. முன்பு அங்கே ஒரு அக்கா இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து விழுந்துவிட்டாள். மறுநாள் ஒரு வண்டி வந்தது. அக்கா எங்கே என்று கேட்டதற்கு, வேலை செய்யாதவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது என்றார்கள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லன்னு சொல்லிடுங்க நர்ஸம்மா. நான் நல்லா நடப்பேன்."

நர்ஸம்மாவுக்கு அழ நேரமில்லை. மண்டபத்தில் கொடுத்த நம்பர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அழைத்தாள். ஒரு பெண் அதிகாரி எடுத்தாள். நல்லவள், கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள். "பிள்ளையை வெளிய விடாதீங்க. நாங்க கிளம்பிட்டோம்" என்றாள். பிறகு, "அவங்களுக்குத் தகவல் எதுவும் போகலையே?" என்றாள்.

"நானே போன் பண்ணிட்டேன்" என்றாள் நர்ஸம்மா. மறுமுனையில் யாரையோ அவசரமாகக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அறையை வெளியே பூட்டிவிட்டுத் தலைமையாசிரியரிடம் ஓடினாள். அவர் கெட்டவர் இல்லை. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் சளி பிடித்துக்கொள்ளும் மனிதர், அவ்வளவுதான்.

"நர்ஸம்மா, சேர்க்கும்போது கொடுத்த காகிதமெல்லாம் சரியா இருக்கு. காய்ச்சல்ல பிள்ளை ஏதாவது உளறும்."

"சார், அவ உளறல. அதிகாரிங்க வந்து சேர்ற வரைக்கும் பிள்ளையை எப்படியாவது நிறுத்தி வைங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"பேசிப் பாக்குறேன். ஆனா கார்டியன் வந்து என் பிள்ளையைக் கொடுன்னு சத்தம் போட்டா நான் என்னம்மா செய்ய முடியும்?"

சத்தம் போட்டால்தானே? சித்தி சத்தமே போடவில்லை. இஸ்திரி போட்ட உடை, கையில் பழப்பை, நெற்றியில் கவலை. தலைமையாசிரியர் நாற்காலி காட்ட, உட்காராமல் நேராக மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றாள். பின்னாலேயே அவரும் வந்தார். நர்ஸம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உடம்புல தடிப்பு இருக்கு. தொத்து நோயா இருக்கலாம். டாக்டர் பாக்காம அனுப்ப முடியாது" என்றாள். வாழ்நாளில் ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய்.

"ரொம்ப நன்றி மேடம். இவ்வளவு அக்கறையா யாரு பாப்பாங்க? நான் டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போறேன்."

"டாக்டரே இங்க வராரு. கொஞ்சம் உக்காருங்க."

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கதவில் தொங்கிய பூட்டையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. கதவுப் பக்கம் குரலை உயர்த்தி, கொஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

"கண்ணு, சீக்கிரம் வாம்மா. தங்கச்சி நீ வேணும்னு அழுதுட்டு இருக்கா. பக்கத்துல யாருமில்ல. நீ வரலன்னா அவ என்ன பண்ணுவா, சொல்லு?"

தலைமையாசிரியருக்கு அது பாசமாகக் கேட்டது. "பாத்தீங்களா" என்பது போல நர்ஸம்மாவைப் பார்த்தார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கதவை உள்ளிருந்து இரண்டு தட்டு தட்டினாள் சுண்டெலி.

"நர்ஸம்மா, திறங்க. நான் போறேன்."

"இல்லடா, நீ படு."

"திறங்க."

திறந்தாள். பிள்ளை பையை மாட்டி, பின்னலைச் சரி செய்துகொண்டு நின்றாள். கண் சிவந்து கிடந்தது. ஆனால் நேராக நின்றாள். "எனக்கு ஒண்ணுமில்ல சித்தி. சும்மா தலவலி" என்றாள்.

நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து காதோடு சொன்னாள். "போகாதடி. ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வந்துருவாங்க."

"அதுக்குள்ள அவளை அனுப்பிட்டா?"

சுண்டெலி, தோல் உரிந்த தன் விரல்களால், நர்ஸம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். கோபமே இல்லாமல், மெதுவாக எடுத்தாள். "விடுங்க நர்ஸம்மா" என்று தலைமையாசிரியரும் சொன்னார். சித்தி பிள்ளையின் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போனாள். நர்ஸம்மா வாசல்வரை ஓடினாள், காவலாளியைக் கத்தி அழைத்தாள், அவர்கள் ஏறிய வேனின் குறுக்கே போய் நிற்கவும் பார்த்தாள். வேன் ஒதுங்கி வளைந்து போய்விட்டது.

அதிகாரிகள் வந்தபோது நர்ஸம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்கள். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் ஒட்டின பெட்டிகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. சன்னலுக்கு அட்டை அடித்திருந்தது. ஆள் யாரும் இல்லை. கொடியில் ஒரு சின்ன கவுன் தொங்கியது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நர்ஸம்மா அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதாள்.

"நீங்க சொல்லலன்னா எங்களுக்கு இந்த வீடே தெரிஞ்சிருக்காது" என்றாள் அந்தப் பெண் அதிகாரி. ஆறுதலுக்குச் சொன்னாள். உண்மையும்கூட. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நர்ஸம்மா என்ன செய்வாள்?

தேடினார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கி எல்லா ஊர்க் காவல் நிலையங்களுக்கும் அனுப்பினார்கள். நர்ஸம்மா வேலையை விடவில்லை. விட்டுவிடு என்று அவள் கணவர் சொன்னார், பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு. "நான் போயிட்டா அந்த நாற்காலியில வர்றவளும் சிரிச்சிட்டே போனை எடுப்பா" என்று சொல்லிவிட்டாள். இப்போது காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்குச் சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேட்கிறாள். பரீட்சைக்குப் பயந்து வந்தவன் இந்தக் கேள்வியைக் கேட்டு விழிக்கிறான். நர்ஸம்மா மாறிப் போய்விட்டாள் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள்.

மழைக்காலம் முடிந்து, விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அந்தப் பெண் அதிகாரி ஒருத்தியை அழைத்து வந்தாள். வற்றிய உடம்பு, கையில் துணிப்பை, பஸ்ஸில் வந்த களைப்பு. போட்டோவைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ வந்திருக்கிறாள். பிள்ளைகளைப் பெற்றவள்.

நாற்காலியைக் காட்டினால் உட்காரவில்லை. "எந்தக் கட்டில்?" என்று கேட்டாள். நர்ஸம்மா காட்டினாள். அதன் ஓரத்தில் உட்கார்ந்து விரிப்பைத் தடவினாள்.

"படிச்சாளா?"

"நல்லா படிச்சாம்மா."

"படிக்க வைக்கிறோம்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. சின்னவளும் கூடப் போனா அழமாட்டான்னு நான்தான் ரெண்டு பேரையும் அனுப்பினேன்." விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "காய்ச்சல்ல கெடந்தப்ப நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாமே. இவங்க சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

நர்ஸம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "அம்மா, அவங்களைக் கூப்பிட்டதே நான்தான். வீட்டுக்குப் போகாம இருக்க அவ காய்ச்சலை மறைச்சா. நான் அதைக் கண்டுபிடிச்சு, போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன்."

"அது இவங்க தப்பு இல்ல" என்று அதிகாரி குறுக்கே வந்தாள்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் நர்ஸம்மா.

தாய் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கூப்பிடலன்னா?"

"இவங்க நேரா அந்த வீட்டுக்குப் போயிருப்பாங்க. ரெண்டு பேரும் கெடச்சிருப்பாங்க."

தாய் துணிப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தொடுவதற்கு நர்ஸம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. மேலே மணி அடித்தது. பிள்ளைகள் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். சத்தம் அடங்கியதும் தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இல்லை. தேடுகிறவளுக்குத் தேட வேண்டியது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

"இங்க அவளுக்கு என்ன பேரு?"

நர்ஸம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. தாய் தான் வைத்த பெயரைச் சொன்னாள். அப்படி ஒரு பெயரை நர்ஸம்மா கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட அவர்கள் மாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த பெயரை மெல்லச் சொன்னாள்.

தாய் அதைச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் நாக்குத் தடுமாறியது. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். நர்ஸம்மா சொன்னாள். தாய் திருப்பிச் சொன்னாள். தப்பு வந்துவிடக் கூடாதே என்று, தன் பிள்ளையின் பொய்ப் பெயரை அவள் மனப்பாடம் செய்தாள்.

"தெருவுல கூட்டத்துல தேடுறப்ப, நான் வெச்ச பேரையும் சொல்லணும், இதையும் சொல்லணும். எதுக்குத் திரும்பிப் பாப்பாளோ, யாரு கண்டா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"சின்னவளை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?"

நர்ஸம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதே இல்லை.